கார் திருட்டு: சைரனா, பூட்டா, ஜி.பி.எஸ்ஸா?

காருக்கு அலாரம் மாட்டலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எது திருடு போகும் என்று பயப்படுகிறீர்கள்? "இதென்ன கேள்வி, காருதான்" என்பார்கள். ஆனால் நம் ஊரில் காரைச் சுற்றி நடக்கும் திருட்டு மூன்று வகை. பேங்கில் பணம் எடுத்து வருபவரைப் பின்தொடர்ந்து வந்து, "சார், பின் டயர் பஞ்சர்", "கீழே ஆயில் ஒழுகுது" என்று சொல்லி இறங்க வைத்து, கவனம் சிதறிய நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது முதல் வகை. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, அலாய் வீல், ஸ்டெப்னி, சைடு மிரர், சைலன்ஸர் என்று ஒவ்வொன்றாகக் கழன்று போவது இரண்டாவது. முழு வண்டியும் காணாமல் போவது மூன்றாவது.

இந்த மூன்றையும் சேர்த்துத் தடுக்கும் கருவி எந்தக் கடையிலும் கிடையாது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாக இருக்கும் ஆக்சஸரீஸ் கடைகளில் ஏறி இறங்கினால், "இந்த செட்டைப் போடுங்க சார், ஒருத்தன் கிட்ட வரமாட்டான்" என்று சொல்வார்கள். எந்த ஒருத்தன் என்று கேட்கத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் காசு மிச்சம்.

சைரன் அலாரம்

அலாரம் செட் என்று விற்பதில் இருப்பவை இவை: டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட், பானெட்டுக்குள் சைரன், அதிர்வை உணரும் ஷாக் சென்சார், கதவு திறந்ததைத் தெரிவிக்கும் ஒயர்கள், ராத்திரி முழுக்கச் சிமிட்டும் சிவப்பு எல்.இ.டி., இரண்டு ரிமோட். சென்ட்ரல் லாக்கிங் இல்லாத பழைய வண்டியென்றால் நான்கு கதவுக்கும் மோட்டார் வைத்துக் கொடுப்பார்கள். பலர் இதை வாங்குவதே ரிமோட்டில் கதவு பூட்டும் சௌகரியத்துக்காகத்தான். அலாரம் கூடவே வந்து சேர்கிறது.

வாங்கும் முன் உங்கள் வண்டியில் கம்பெனி அலாரம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. அது எதற்கு அலறும், எதற்கு அலறாது என்பதையும் மேனுவலில் படித்துவிடுங்கள். கதவையோ டிக்கியையோ பானெட்டையோ சாவி, ரிமோட் இல்லாமல் திறந்தால் அலறும் வகைதான் அதிகம். கண்ணாடியை உண்டிவில்லில் பால்ரஸ் வைத்து அடித்து உடைத்து, கதவைத் திறக்காமலேயே கையை விட்டு சீட்டில் இருக்கும் லேப்டாப் பையை எடுத்தால், அந்த அலாரம் வாயே திறக்காது. உள்ளே அசைவு தெரிந்தால் கத்தும் அல்ட்ராசானிக் சென்சார் விலை கூடிய வண்டிகளில்தான் வருகிறது. கண்ணாடி உடைப்புதான் பயம் என்றால் வெளியில் வாங்கும் ஷாக் சென்சார் ஓரளவு உதவும். அதைவிட உதவுவது, பையை வண்டியில் வைக்காமல் இருப்பது.

ஷாக் சென்சாரின் தொல்லையும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. சென்சிட்டிவிட்டியைக் கூட்டி வைத்தால் பூனை குதித்தாலும், பக்கத்தில் தண்ணி லாரி போனாலும், கோயில் ஊர்வலத்தில் செண்டை அடித்தாலும் கத்தும். தீபாவளி ராத்திரி கேட்கவே வேண்டாம், தெருவே கச்சேரி. குறைத்து வைத்தால் வீலைக் கழற்றும்போதும் தூங்கும். நாலு நாள் காரணமில்லாமல் கத்திய அலாரத்தை ஐந்தாம் நாள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதலில் பார்க்காமல் போவது சொந்தக்காரர்தான். அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருப்பவர் என்றால், வண்டியில் ஏதாவது நடந்தவுடன் கையில் இருக்கும் ரிமோட் துடிக்கிற டூ-வே அலாரம் கொஞ்சம் மேல். கான்கிரீட் சுவர்கள் நடுவில் வந்தால் அதன் எல்லை சுருங்கும். ஆகவே மாட்டிய பிறகு, உங்கள் படுக்கையறையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

சத்தம் மட்டும் போதாது என்பதற்கு அண்மைக்கால உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஹூண்டாயும் கியாவும் அங்கே விற்ற சாவி திருகும் மாடல்கள் பலவற்றில் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓட விடாத கருவி, வைக்கவில்லை. 2015 மாடல் வண்டிகளில் மற்றக் கம்பெனிகள் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் வைத்திருந்தபோது, இந்த இரண்டு கம்பெனிகளும் 26 சதவீதத்தில்தான் வைத்திருந்தன. மில்வாக்கி நகரத்துப் பையன்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். திருடும் வித்தை 2021, 2022-இல் டிக்டாக் வழியாக நாடு முழுக்கப் பரவியது. 2023 பிப்ரவரியில் இரு கம்பெனிகளும் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தன. அதில் அலாரம் கத்தும் நேரத்தை 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடமாக நீட்டினார்கள். சாவி உள்ளே இருந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்றும் மாற்றினார்கள். அதோடு, போலீஸ் மூலமாக ஆயிரக்கணக்கான ஸ்டீயரிங் லாக்குகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் ஓட்டுகிற காலத்தில் கார் கம்பெனியே கடைசியில் இரும்புத் தடியைத்தான் கையில் கொடுத்தது.

வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் ஒரு கணக்கும் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டிய கருவி விழித்திருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி, 30 நாளில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல். சிறிய பெட்ரோல் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. வண்டியின் சொந்தச் செலவையும் கூட்டினால், இரண்டு மாதம் கழித்து வந்து இறங்கும்போது அலாரமும் செத்திருக்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகாது.

இம்மொபிலைசர்

சாவியின் தலைக்குள் ஒரு சிறு சிப். சாவியைத் திருகும்போது அது சொல்லும் சங்கேதம் வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதோடு பொருந்தினால்தான் என்ஜின் உயிர் பெறும். மாருதி இதை ஐகேட்ஸ் என்ற பெயரில் போட்டுவருகிறது. சாவி போட்டவுடன் மீட்டரில் சாவிப் படமோ பூட்டுப் படமோ எரிந்து அணைந்தால் உங்கள் வண்டியிலும் இருக்கிறது என்று பொருள்.

ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான கணக்கை ஆராய்ந்த பொருளியலாளர்கள் இருவர், கார் திருட்டைச் சராசரியாக 40 சதவீதம் குறைத்தது இந்தச் சிப்தான் என்று கண்டார்கள். சைரனுக்கு அப்படி ஒரு நற்சான்றிதழை நான் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் பழைய வண்டியில் இம்மொபிலைசர் இல்லையென்றால், சைரனைப் பற்றிய பேச்சையே தள்ளி வையுங்கள். முதல் செலவு என்ஜினை நிறுத்துவதற்குத்தான். வெளியில் கிடைக்கும் இம்மொபிலைசர் போடலாம். இல்லையென்றால் ஃப்யூவல் பம்ப் ஒயரில் ரிலே வைத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். எலக்ட்ரீஷியனின் கூலியையும் சேர்த்து எல்லாவற்றிலும் மலிவு இதுதான். திருடன் வண்டியை ஸ்டார்ட் செய்வான், பைப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்சம் ஓடி நின்றுவிடும். நடுத்தெருவில் நின்ற வண்டியில் உட்கார்ந்து காரணம் தேட எந்தத் திருடனுக்கும் பொறுமை இருக்காது.

புது வண்டிக்காரர்களுக்கு வேறு கவலை. சிப்பை ஏமாற்றும் வழிகள் வந்துவிட்டன. டெல்லி பக்கம் போலீஸ் பிடித்த கும்பல்களிடமிருந்து அடிக்கடி கைப்பற்றப்படுவது, சர்வீஸ் சென்டரில் வண்டியின் கோளாறு பார்க்கச் செருகும் ஓ.பி.டி. போர்ட்டில் மாட்டிப் புதுச் சாவியைப் பதிவு செய்யும் கருவி. கண்ணாடியை உடைத்து உள்ளே போய், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தப் போர்ட்டில் மாட்டினால் சில நிமிட வேலை. புஷ் ஸ்டார்ட் வண்டிகளுக்கு இன்னொரு வழி: ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் நின்று உள்ளே ஆணியில் தொங்கும் சாவியின் சிக்னலைப் பிடித்து அனுப்ப, இன்னொருவன் வண்டி அருகே நின்று வாங்கிக்கொள்கிறான். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி வண்டி கதவைத் திறக்கிறது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. ஆட்டோமொபைல் கிளப் பல வருடங்களாக நூற்றுக்கணக்கான மாடல்களை இப்படிச் சோதித்துவருகிறது, பெரும்பாலானவை தோற்றன. சாவி உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் சாவி வரும் சில மாடல்கள்தான் தாக்குப்பிடித்தன.

இங்கிலாந்தில் இதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். லண்டனில் வாகன மென்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருடைய டொயோட்டா ஆர்.ஏ.வி.4 வண்டியே 2022-இல் திருடு போனது. முன்பக்க விளக்கின் ஒயர் வழியாக வண்டியின் உள் நெட்வொர்க்குக்குப் பொய்ச் செய்தி அனுப்பித் திறந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கருவியை ப்ளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் ஒளித்து விற்கிறார்களாம்.

இதற்கெல்லாம் மருந்து பெரிய விலையில் இல்லை. சிக்னல் வெளியேறாத ஃபேரடே பை சில நூறு ரூபாய்தான். எவர்சில்வர் டப்பாவும் சில வேளை வேலை செய்யும், மூடி இறுக்கமாக இருந்தால். சாவியைப் பைக்குள் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் போய்க் கதவு திறக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான் சோதனை. ஓ.பி.டி. போர்ட்டுக்குப் பூட்டுப் போடலாம், அல்லது நம்பகமான எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வேறு இடத்துக்கு நகர்த்தலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைவிட முதலில் செய்ய வேண்டியது, பழைய ஓனரிடமிருந்து இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவாகியிருக்கும் மற்ற சாவிகளை அழிக்கச் சொல்வது. எத்தனை சாவி பதிவில் இருக்கிறது என்று அவர்களால் பார்த்துச் சொல்ல முடியும்.

இரும்பு

எனக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க அனுமதி என்றால் கியர் லாக்கைத்தான் வாங்குவேன். அழகில்லாத பொருள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் தரையோடு போல்ட் போட்டு ஒரு பிராக்கெட். ரிவர்ஸில் தள்ளிப் பூட்டினால் வண்டி ரிவர்ஸை விட்டு நகராது. ஓ.பி.டி., சிக்னல், மென்பொருள் எதுவும் இதனிடம் செல்லாது. அறுக்க வேண்டும் அல்லது துளைக்க வேண்டும். இரண்டும் சத்தமும் நேரமும் பிடிக்கிற வேலை. திருடனிடம் இல்லாதது நேரம்தான்.

பிராக்கெட்டின் போல்ட், மாட்டிய பிறகு தலை முறிந்து வழவழப்பாகிவிடும் வகையா என்று பாருங்கள். சாதாரண நட் என்றால் கன்சோலைப் பெயர்த்து ஒரு ஸ்பானரில் கழற்றிவிடலாம். உங்கள் மாடலுக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கும் கிடைக்கிறது, ஆனால் கியருக்குப் பதில் திருகுகிற குமிழ் வரும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஸ்டீயரிங் லாக் அல்லது பெடல் லாக்தான் கதி.

ஸ்டீயரிங் லாக்கின் பலம் அது தெரிவது. ஜன்னல் வழியாகப் பார்த்தவுடனே, பக்கத்து வண்டிக்குப் போகலாம் என்று தோன்றும். பலவீனம், தடியை அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டீயரிங் வளையத்தை ஓரிடத்தில் அறுத்தால் தடியை உருவி எடுத்துவிடலாம். ஆகவே ஒல்லியான கம்பி வகையை விட்டுவிட்டு, வளையம் முழுவதையும் மூடும் தட்டு வகையைப் பாருங்கள்.

இரும்புக்கு ஒரே எதிரி நம் சோம்பேறித்தனம். பால் வாங்க ரெண்டு நிமிஷம்தானே என்று பூட்டாமல் போவோம். அலாரம் தானாகவே விழித்துக்கொள்ளும், இது அப்படியில்லை. வீட்டில் வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் அதிகம் என்றால், பூட்டாமல் விடுகிற நாட்கள் கூடும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் இதை வாங்க வேண்டும்.

ஜி.பி.எஸ்.

டிராக்கரைத் தடுப்புக் கருவி என்று விற்கிறார்கள். அது தடுப்பதில்லை, போனதைத் தேடித் தருகிறது, அதுவும் அதிர்ஷ்டமிருந்தால். ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் வகை மாட்டுவதற்குச் சுலபம், பிடுங்குவதற்கு அதைவிடச் சுலபம். ஒயரிங்கோடு இணைத்து உள்ளே புதைக்கும் வகையில், தனியாகச் சிறு பேட்டரியும் இருந்தால், வண்டியின் பேட்டரியைத் துண்டித்தாலும் சில மணி நேரம் சிக்னல் அனுப்பும். அதில் இருக்கும் சிம்முக்கு வருடா வருடம் பணம் கட்ட மறந்தால் அது வெறும் பிளாஸ்டிக். திருடனிடம் சிக்னலை அடைக்கும் ஜாமர் இருந்தால் அந்த நேரத்துக்கு ஊமை.

ஹூண்டாய் புளூலிங்க், கியா கனெக்ட் போன்று கம்பெனியே தரும் இணைப்பு இருந்தால் தனி டிராக்கருக்கு அவசரமில்லை. திருடு போன வண்டியைத் தேடுவதும், அது மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் செய்வதும் புளூலிங்கில் உண்டு. இலவசக் காலம் முடிந்ததும் பலர் புதுப்பிப்பதில்லை. உங்களுடையது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஆப்பைத் திறந்து பாருங்கள். ஓடும் வண்டியின் என்ஜினை செல்போனில் நிறுத்தலாம் என்று விளம்பரம் செய்யும் மலிவு டிராக்கர்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பைபாஸில் நூறில் போகும் வண்டி திடீரென்று நின்றால் பின்னால் வருபவர் யாரோ. பொருளைத் தேட உதவும் சிறு வில்லையான ஆப்பிள் ஏர்டேகை சீட்டுக்கடியில் போடுவது மலிவான தந்திரம்தான், ஆனால் தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கும் அது எச்சரிக்கை அனுப்பிவிடும். பெண்களைப் பின்தொடர்வதைத் தடுக்க வைத்த நல்ல ஏற்பாடு, இங்கே எதிராளிக்குச் சாதகம்.

சைலன்ஸர் திருட்டு

மாருதி ஈக்கோ வைத்திருப்பவர்களுக்கு இது தனிக் கதை. சைலன்ஸரோடு இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால், பல மாநிலங்களில் ஈக்கோக்களைத் தேடித் தேடிக் கழற்றியிருக்கிறார்கள். வண்டி உயரம், அடியில் புகுந்துகொள்ள வசதி. இம்மொபிலைசர், கியர் லாக், ஜி.பி.எஸ். மூன்றும் இதில் பயனற்றவை. இங்கேதான் அதிர்வும் சாய்வும் உணரும் சைரன் அலாரத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதோடு வெல்டிங் கடையில் சொல்லி அடியில் இரும்புக் கூண்டு அடிக்கலாம். வீல் திருட்டுக்கும் சாய்வு சென்சார் உதவும். ஒவ்வொரு வீலிலும் ஒரு லாக் நட் போட்டுவிட்டால் அதைவிட மேல்.

இன்ஷூரன்ஸ்

அலாரம் போட்டால் பிரீமியம் குறையும் என்பது உண்மை. எவ்வளவு என்று கேளுங்கள். புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த கருவியாக இருந்து, ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்றும் இருந்தால், மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டண விதியான மோட்டார் டாரிஃப்படி ஓன் டேமேஜ் (சொந்த வண்டிக்கான) பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். அதை நம்பி ஆறாயிரத்துக்கு அலாரம் வாங்க வேண்டாம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருப்பார்கள். அதில் திருட்டுக்குச் சல்லிக்காசு வராது. முழுப் பாலிசி இருந்தாலும் கிடைப்பது ஐ.டி.வி. (பாலிசியில் குறித்திருக்கும் வண்டியின் மதிப்பு) தொகைதான், 4 வருடம் தாண்டி 5-க்குள் இருக்கும் வண்டிக்குப் பாதி விலை கழிந்திருக்கும். கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர்., கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று, கூடவே இரண்டு ஒரிஜினல் சாவிகள் கேட்பார்கள். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் அங்கேயே சந்தேகம் தொடங்கும். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காகத் தாமதிக்க வேண்டாம். அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள்.

எந்த வண்டிக்கு எது

தெருவில் நிற்கும் பத்து வருடப் பழைய சின்னக் கார், இம்மொபிலைசர் இல்லை, தேர்டு பார்ட்டி பாலிசி: கியர் லாக்கும் கட்-ஆஃப் சுவிட்சும். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல அலாரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகும். சைரன் வேண்டாம்.

புஷ் ஸ்டார்ட் எஸ்.யு.வி., வெளியில் பார்க்கிங்: கண்ணில் படும்படி ஒரு இரும்பு, சாவிக்குப் பை, ஓ.பி.டி. பூட்டு, கம்பெனி ஆப் உயிரோடு. கம்பெனி அலாரத்தின் மேல் இன்னொரு அலாரம் ஏற்றுவது வீண். வாரன்டியும் கேள்விக்குள்ளாகும்.

ஈக்கோ, ஓம்னி போன்ற வேலை வண்டி: சாய்வு சென்சாரோடு சைரன், அடியில் கூண்டு. மாதக்கணக்கில் ஊரில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்கு வீல் கிளாம்ப் வாங்கி மாட்டி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போங்கள். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் அங்கே உதவாது. பூட்டிய கேட்டுக்குள், வாட்ச்மேன் இருக்கும் அப்பார்ட்மென்ட்டில் நிறுத்துபவர் என்றால், இருக்கிற இம்மொபிலைசரே போதும் என்பதுதான் என் கட்சி.

எதை மாட்டினாலும், ஒயரை வெட்டி டேப் சுற்றும் கடையைத் தவிர்த்து, ஒயரை வெட்டாமல் செருகும் கப்ளர் வைத்து இணைக்கும் கடையைத் தேடுங்கள். மோசமான ஜாயின்ட் ஷார்ட் சர்க்யூட் ஆனால் திருடன் விட்டுவைத்ததைத் தீ கொண்டுபோகும். கட்-ஆஃப் சுவிட்சை அவர்கள் வழக்கமாக வைக்கும் இடத்தில் வைக்க விடாதீர்கள், அந்த இடம் ஊருக்கே தெரியும். இடத்தை நீங்கள் சொல்லுங்கள். சொன்ன இடத்தை வீட்டில் வண்டி ஓட்டும் மற்றவரிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் கல்யாண மண்டப வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவரும் ஃப்யூவல் பம்ப் போச்சு என்று புதுசு மாட்டிவிடுவார்.